கிணற்றுக்கு வைத்த குழாய்

முந்தின நாள் சாயங்காலம் தானே காற்றடித்து, வால்வில் எச்சில் தொட்டுச் சோதித்து நிறுத்திய பைக்கின் இரண்டு டயரும் காலையில் தரையோடு தரையாக அப்பிக் கிடந்தன. தாசையனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பட்டணத்தில் தம்பானூர் ஒர்க்‌ஷாப்பில் பாதி ஆயுசைக் கழித்தவன் அவன். சொந்த ஷெட்டுக்கு வந்த முதல் வண்டியே கண்ணில் மண்ணைத் தூவுகிறதே என்று நினைத்துக்கொண்டு டியூபை உருவினான். மறுபடி காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் முக்கி, திருப்பித் திருப்பி அமுக்கிப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. டியூப் நன்றாகத்தான் இருந்தது.

வித்துராவிலிருந்து கல்லாறுக்குப் போகிற ரோட்டோரம் அந்தப் புது வீடு. பொன்முடி மலைக்கு ஏறும் வண்டிகள் எல்லாம் வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். ஷெட் போட இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் தாசையன் இங்கே வந்தது தொழிலுக்காக மட்டும் அல்ல. மகள் ஆர்ஷாவுக்குப் பிறந்ததிலிருந்தே இழுப்பு; மூச்சு மருந்து பம்ப் எப்போதும் கையோடு இருக்கும். சாலைக் கடைவீதிக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டின் புகையிலும் ஈரத்திலும் அவள் நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து அவனும் மனைவி ரத்னாபாயும் பாதி செத்திருந்தார்கள். நல்ல காற்றுள்ள இடமாகப் பாருங்கள் என்று டாக்டர் சொன்ன ஒற்றை வார்த்தைக்காகத்தான் இத்தனை பாடும். வந்ததிலிருந்து பிள்ளைக்கு ஒருமுறைகூட இழுக்கவில்லை. கண் பட்டுவிடும் என்று ரத்னாபாய் அதை வாய்விட்டுச் சொல்லவே பயந்தாள்.

மனையில் ஒரு பழைய கிணறு இருந்தது, ஷெட் வரவேண்டிய அதே இடத்தில். மண் கொட்டி மூடும்போது கொத்தனார் வன்னியராஜ், தன் ஊர் வழக்கப்படி, கிணற்றின் அடியிலிருந்து தரைக்கு மேலே முழங்கால் உயரம் நிற்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாயை நட்டு வைத்தான். மூடின கிணற்றுக்கும் மூச்சு விட வழி வேண்டும், அதை அடைத்துப் புதைத்தால் வீட்டில் இருப்பவர்களின் மூச்சைத் தனக்குக் கேட்கும் என்று தென்பக்கத்தில் சொல்வார்கள். தாசையனும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான்.

புது வீட்டை ஜெபம் பண்ணிப் பிரதிஷ்டை செய்ய சர்ச் போதகர் வருவதற்கு முந்தின நாள் அவன் அந்தக் குழாயைத் தரையோடு அறுத்தான். சபை முழுக்க வருகிறது. இது என்ன குழாய் தாசையா என்று யாராவது கேட்டுவிட்டால்? ஊர்வாயை மூட உலைமூடி ஏது? குழாயின் வாயில் துணியைத் திணித்து, சிமெண்ட் பூசி, மேலே சாம்பல் பெயிண்டும் அடித்தான்.

"அது அங்க நின்னா ஒங்களுக்கு என்ன கேடு?" என்று கேட்டாள் ரத்னாபாய்.

"வேதக்காரன் வீட்டுல கெணத்துக்கு மூச்சு வேணுமாக்கும். கேக்கியவன் சிரிப்பான். சும்மா கெட பிள்ள."

பூசின இடத்தின் மேலேயே கம்ப்ரசரைத் தூக்கி வைத்தான். ஜெபம் நடந்தது, பாட்டு நடந்தது, எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள். அதற்கு அடுத்த வாரம்தான் இந்த டயர் வேடிக்கை.

பிறகு அது வேடிக்கையாக இல்லை. கம்ப்ரசர் டேங்கை நிரப்பிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பினால் முள் பூஜ்ஜியத்தில் நின்றது. பிரதிஷ்டைக்குக் கட்டின பலூன்களில் வீட்டுக்குள் இருந்தவை அப்படியே இருக்க, ஷெட்டில் இருந்தவை மட்டும் வெயிலில் போட்ட வற்றலாகச் சுருங்கித் தொங்கின. பீடி பற்றவைக்கத் தீக்குச்சியைக் கிழித்தால் சுடர் மேலே போகாமல், சாய்ந்து, தரையைப் பார்த்தது. ஆயிலும் கிரீஸும் நாற வேண்டிய ஷெட்டில் பாசி படிந்த கல்லின் ஈர வாடை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அது சட்டையில் ஒட்டிக்கொண்டு படுக்கைவரை வந்தது. தாசையன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குழாயைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

ஒருநாள் மதியத்துக்குமேல் மலை இருண்டு மழை இறங்கியது. தகரக் கூரையில் இரைச்சல் காதை அடைத்தது. அந்த இரைச்சலுக்கும் அடியில் வேறு ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. கம்ப்ரசரை நகர்த்தி, மண்டியிட்டு, பூசின இடத்தில் காதை வைத்தான். பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுகிற மாதிரி, மெதுவாக, நீளமாக, யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். நின்றது. மறுபடி இழுத்தார்கள். வெளியே விடுகிற சத்தம் மட்டும் வரவே இல்லை.

நிமிர்ந்தபோது வாசலில் ஆர்ஷா நின்றாள்.

"அப்பா, இங்க ஆருக்கோ இழுப்பு."

"ஒண்ணும் இல்ல மக்ளே. மழையாக்கும்."

"இல்லப்பா. எனக்குத் தெரியும். எனக்க பம்ப அதுக்குக் கொடுக்கட்டா?"

அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான். தோளில் சாய்ந்திருந்த பிள்ளையின் நெஞ்சுக்குள் அப்போதே ஒரு சன்னமான விசில் தொடங்கியிருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அது முற்றிவிட்டது. பம்பை அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள், மருந்து இறங்கவில்லை. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. உதடு நீலம் பாரித்தது. கரண்ட் போனது. ஆம்புலன்ஸ்காரன் வழியில் மரம் விழுந்து கிடக்கிறது என்றான். ஷெட்டில் நின்ற வண்டி ஒவ்வொன்றும் டயர் அப்பிக் கிடந்தது.

ரத்னாபாய் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்க. அந்தக் குழாயத் தொறங்க."

"ரத்னா..."

"ஆரு சிரிச்சா என்ன? எனக்கு எனக்க பிள்ள வேணும்."

உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு ஓடினான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அடித்தான். பெயிண்ட் உரிந்தது. சிமெண்ட் பிளந்தது. துணியின் நுனி தெரிந்தது. அவன் கை படுவதற்குள் அது தானாக உள்ளே போனது. சரேலென்று. அடி ஆழத்துக்கு.

பிறகு ஒரு மூச்சு. நீளமான மூச்சு. ஷெட்டைச் சுற்றிக் கட்டியிருந்த தார்ப்பாய்கள் உள்பக்கமாக உப்பின. காது அடைத்துத் திறந்தது. சுருங்கிய பலூன்கள் நூலோடு குழாயை நோக்கி நீண்டன. பிறகு எல்லாம் அடங்கியது.

உள்ளறையிலிருந்து ரத்னாபாயின் குரல் வந்தது. "வந்துட்டு! மூச்சு வந்துட்டு! ஸ்தோத்திரம் ஆண்டவரே."

தாசையன் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றுதான் அப்போது நினைத்தான்.

அப்போது குழாய் மூச்சை வெளியே விட்டது. முதல் தடவையாக. அவன் முகத்தில் பட்டது அந்தக் காற்று. கிணற்றின் காற்று மாதிரி இல்லை. இளஞ்சூடாக இருந்தது. அதில் பாலும் ரஸ்கும் இருமல் மருந்தின் இனிப்பும் மணந்தன. அது பிள்ளையின் வாய் மணம். எத்தனையோ ராத்திரிகள் அவன் கன்னத்தில் பட்ட அதே மணம்.

ஷெட்டுக்குள் ஓடிவந்த மழைத்தண்ணீர் குழாயின் வாயை நெருங்கியது. உள்ளே விழாமல் இருக்க உள்ளங்கையால் மூடினான்.

"ஐயோ, பிள்ளைக்கு மூச்சு நின்னுட்டே!"

கையை எடுத்தான்.

"இல்ல... இல்ல... வந்துட்டு."

மறுபடி மூடினான். உள்ளே ஓலம். எடுத்தான். ஓலம் நின்றது. தாசையனுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையின் மூச்சு இப்போது பிள்ளையிடம் இல்லை. இந்தத் துளை வழியாகத்தான் அது போய் வருகிறது.

மண்ணையும் கந்தலையும் வாரிச் சுற்றிலும் அணை கட்டினான். டார்ச்சை உள்ளே அடித்தான்.

அடியில் தண்ணீர் தெரிந்தது. கறுப்பாக. அது ஏறிக்கொண்டிருந்தது. குழாயின் வாய்வரை வந்தால் மூச்சு அடைபட்டுவிடும்.

வண்டி கழுவுகிற, உள்ளே ஓடுவது தெரிகிற கண்ணாடி ஹோஸின் ஒரு துண்டை அறுத்தான். குழாயில் இறுக்கிச் செருகினான். இடைவெளியில் கந்தலைத் திணித்து அடைத்தான். மறுமுனையைத் தூக்கிப் பிடித்தான். ஹோஸின் வாயில் அந்த இளஞ்சூட்டு மூச்சு வந்து போனது. தரை மட்டத்தில் தண்ணீர் நின்றுவிடும். நின்றுதான் ஆக வேண்டும். தரைக்கு மேலே ஏற அதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஏறியது. ஹோஸுக்குள் விரல் விரலாக. முழங்கால். இடுப்பு. நெஞ்சு.

ஸ்டூலில் ஏறினான். கையை உயர்த்தினான். ஹோஸின் வாய் தகரத்தில் முட்டியது.

"இஞ்சேருங்க," ரத்னாபாயின் குரல் உடைந்து வந்தது. "பிள்ள இருமுகா. வாயில இருந்து தண்ணி வருது. சேறு மணக்குது. இஞ்சேருங்க, அங்க என்ன செய்யிறீங்க?"

தாசையன் பெருவிரல் நுனியில் நின்று, கூரையோடு கையை ஒட்டிப் பிடித்திருந்தான். இதற்குமேல் உயரம் இல்லை. வாயில் கவ்விய டார்ச்சின் வெளிச்சத்தில், அவன் விரல்களுக்கு ஒரு சாண் கீழே, கறுத்த தண்ணீர் ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் தாழ்ந்து, கொஞ்சம் கூடுதலாக உயர்ந்து, மேலே வந்துகொண்டிருந்தது.