கயிறு பிடித்தவள்

மோகனாவின் உள்ளங்கையில் கயிற்றுத் தடம் இல்லை.

சோறு போடும்போதுதான் திருச்செல்வம் கவனித்தான். நாடக ஒத்திகை தொடங்கிய முதல் வாரங்களில் அவள் கை சிவந்து, தோலுரிந்து கிடந்தது. ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே அவனைத் திட்டித் தீர்ப்பாள். இந்த வாரமும் தினம் ஒத்திகை நடந்தது, நேற்றும்கூட. ஆனால் கை சுத்தமாக இருந்தது.

“கை ஆறிடுச்சா?”

“ம். சாப்பிடுங்க.”

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

லிங்கி ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் தோட்டம் அது. காளியம்மன் திருவிழா நாடகத்தோடுதான் முடியும். செங்கோட ராஜாவை அவனுடைய மந்திரி காட்டிக்கொடுக்கிறான். ராஜா பைத்தியமாகி அலைகிறான், கடைசியில் பழிவாங்க மந்திரியை வெட்ட வருகிறான். ராஜா கையில் இருப்பது கோயிலின் நிஜக் கத்தி. வேஷக்காரனுக்கு ஆவேசம் வந்து நிஜமாகவே வெட்டிவிட்டால்? அதற்காகத்தான் அவன் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மந்திரி வேஷம் போடுபவனின் வீட்டு ஆளிடம் கொடுப்பார்கள். தன் வீட்டு ஆள் சாக யார் கயிற்றை விடுவார்கள்?

இந்த வருஷம் மந்திரி திருச்செல்வம். கயிறு மோகனாவிடம். ராஜா வேஷத்தை வலியக் கேட்டு வாங்கியவன் திருச்செல்வத்தின் சகலை தங்கராஜு.

“பைத்தியக்கார வேஷம் எனக்கு நல்லா வரும்லா, சகல. நீதானே சர்ட்டிபிகேட் கொடுத்த,” என்று அரிதாரம் பூசும்போது காதோடு சொல்லிச் சிரித்தான்.

திருச்செல்வமும் சிரித்துத் தொலைத்தான். இவனுக்கு யார் சொன்னது?

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடிக்கக் கூடாதென்று தங்கராஜு நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்ற நேரத்தில், ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலைக்கு ஆசைப்பட்டு, சகலைக்கு மூளை கலங்கிவிட்டது, கத்தியோடு திரிகிறார் என்று டாக்டரிடம் பொய்ச்சாட்சி சொன்னவன் திருச்செல்வம்தான். தங்கராஜுவை மனநல ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். அவன் மனைவி ராக்கம்மா, மோகனாவின் கூடப்பிறந்த அக்கா, அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே செத்துப்போனாள்; அதற்குப் பிறகுதான் அவனை வெளியே விட்டார்கள். சாட்சி சொன்னது யாரென்று மோகனாவுக்குத் தெரியாது. அப்படித்தான் அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

பொழுது சாய்ந்ததும் நாடகம் மேடையேறியது. மழை பிடித்துக்கொள்ளும்போல் காற்று கனத்திருந்தது. அழுகிய செம்பனைப் பழத்தின் புளித்த வாடையும் கற்பூரப் புகையும் ஜெனரேட்டரின் டீசல் நாற்றமும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் உட்கார்ந்தன. அந்த இரைச்சலுக்குள் திருச்செல்வம் ஒரே ஒரு சத்தத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தான், கயிறு இறுகும்போது எழும் முறுக்குச் சத்தம். சலங்கை கேட்டது. தங்கராஜுவின் மூச்சு கேட்டது. கயிறு கேட்கவில்லை.

“மந்திரி! என் வீடு எங்கடா?”

அது வசனம்தான்.

“என் பொண்டாட்டி எங்கடா?”

அது வசனத்தில் இல்லை.

திருச்செல்வம் பின்வாங்கினான். நேற்று ஒத்திகையில் கத்தி கழுத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கயிறுதான் நிறுத்தியது, மோகனாதான் இழுத்துப் பிடித்தாள் என்று நிம்மதியாக மூச்சு விட்டிருந்தான். அவள் கையில் தடம் இல்லை. அப்படியென்றால் நிறுத்தியது கயிறு இல்லை. தங்கராஜு தானாகவே நின்றிருக்கிறான்.

முதுகு மேடையை ஒட்டிய கோயில் சுவரில் முட்டியது.

தங்கராஜு குனிந்தான். மை பூசிய கண்கள் நிதானமாக இருந்தன. அவற்றில் துளிகூடப் பைத்தியம் இல்லை.

“ராக்கம்மா என் பேரைச் சொல்லியே போய்ச் சேர்ந்தாளாம்லா, சகல,” என்றான் மெல்ல. “மோகனா சொன்னுச்சு. நீ செஞ்சதையும் அதுதான் சொன்னுச்சு.”

மோகனாவா? அவன் கட்டிய மோகனாவா?

“மோகனா! இழு! கயித்த இழு!”

கூட்டம் ஆர்ப்பரித்தது. “யம்மா, என்ன நடிப்புலா!” என்று யாரோ கத்தினார்கள்.

கத்தி உயர்ந்தது.

தங்கராஜுவின் இடுப்பிலிருந்து கயிறு தொங்கியது. தொய்ந்து. மேடையைத் தாண்டி, கீழே. மறுமுனை சேற்றில் கிடந்தது.

அதற்குப் பக்கத்து நாற்காலியில் மோகனா உட்கார்ந்திருந்தாள். அவனையே பார்த்தபடி, கூட்டத்தோடு சேர்ந்து கை தட்டினாள்.

தடமே இல்லாத கைகள்.