ஸ்பிரிங் உங்களுக்கு... ஷாக் எனக்கு!

"நாலு இன்ச் ஏத்திடுங்கண்ணே! பார்க்கிறவன் அசந்து போகணும்."

பக்கத்தில் நின்ற நெட்டையன் இப்படிச் சொன்னதும் டாக்டருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மாட்டு டாக்டர் அவள். மலைமேல் இருக்கும் பண்ணைகளுக்குத் தினமும் தன் பழைய ஜீப்பில் போய் வருகிறவள். மழை பிடித்தால் வழியில் ஓடை பெருகும். வண்டியின் அடிவயிறு கல்லில் தட்டும். ஜீப்பைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம் என்றுதான் அந்த உதிரிபாகக் கடைக்கு வந்திருந்தாள். வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம்... வாய் சும்மா இருந்தால்தானே!

"வண்டி மலைக்கு மட்டுமா? இல்ல, கடைத்தெருவுக்கும் அதேதானா?"

அவன் திரும்பினான். அம்மாடி... என்ன கண்கள்! கருகருவென்று, மழைக்கு முந்தைய வானம் போல... நடுவில் குறும்பாய் ஒரு மின்னல் வேறு.

"எல்லாத்துக்கும் அதேதாங்க. மலை உச்சியில செல்போன் டவர்ல வேலை எனக்கு. சாயங்காலம் அம்மாவையும் அதுலதான் கூட்டிட்டுப் போகணும்."

"அப்போ அம்மா ஏற ஒரு ஏணியும் சேர்த்து வாங்கிடுங்க! நாலு இன்ச் ஏத்தினா வளைவுல ஆடும், பிரேக் டியூப் நீளம் பத்தாது. தினமும் ஓட்டுற வண்டிக்கு ரெண்டு இன்ச் தாராளம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் ஒரே செட்டா வாங்கணும், தெரியுமா?"

"சரிங்க டீச்சர்!" என்று கும்பிட்டான் அவன். "அண்ணே, அந்த ரெண்டு இன்ச் செட்டையே குடுங்க."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஒரே ஒரு செட்டுதான் தம்பி இருக்கு. அடுத்தது மழைக்காலம் முடிஞ்சுதான் வரும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். அவள் வாங்க வந்ததும் அதே செட்டைத்தானே!

"அது எனக்கு!" என்றாள்.

"நான்தான் முதல்ல கேட்டேன்."

"நீங்க கேட்டது நாலு இன்ச்!"

"மனசை மாத்தினது யாராம்?" என்று அவன் சிரித்தான். "வேணும்னா ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கலாம். ஸ்பிரிங் உங்களுக்கு... ஷாக் எனக்கு!"

கேலிக்குத்தான் சொன்னான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிரிங்கண்ணே!" என்றாள் வீம்பாக.

"ஜோடியைப் பிரிக்கிற பாவம் எனக்கு வேண்டாம்மா..." என்று கடைக்காரர் கெஞ்சினார். யார் கேட்டார்கள்? ஒன்றில்லாமல் இன்னொன்று உதவாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும். ஆனாலும் யார் முதலில் இறங்கி வருவது? ஆளுக்கொரு பாதியோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஸ்பிரிங் மாட்டியதும் ஜீப் நன்றாகத்தான் நிமிர்ந்தது. ஆனால் உயர்ந்த வண்டிக்குப் பழைய ஷாக் குட்டை. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அது நீளுகிற மட்டும் நீண்டு, 'டொக்' என்று இடித்தது. பக்கத்தில் உட்கார்ந்த அப்பா, "வண்டியை உயர்த்தினியா, என் இடுப்பை உடைக்கிறியா?" என்று முனகினார். ஒவ்வொரு 'டொக்'குக்கும் அந்தக் கண்கள் வேறு ஞாபகத்துக்கு வந்து தொலைத்தன... சே!

கடைக்காரரிடம் விலாசம் விசாரித்துக்கொண்டு ஒருநாள் அவனே வந்து வாசலில் நின்றான். அவளுக்கு நெஞ்சு படபடத்தது. அதை மறைக்கக் கோபம்தானே கைவசம் இருக்கிறது!

"ஸ்பிரிங்கைக் கேட்கத்தானே வந்தீங்க? தர மாட்டேன். இனிமே என் வாசல்ல வந்து நிக்காதீங்க!"

ஏதோ சொல்ல வாயெடுத்தவன், முகம் சுண்டிப்போய்த் திரும்பி நடந்தான்.

"யாரும்மா அந்தப் பையன்?" என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டார்.

"யாரோ... வழி தெரியாம வந்துட்டார்." சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மழை வந்தது. விடிந்ததும் விடியாததுமாய் மேல்பண்ணையிலிருந்து போன். தலைச்சன் பிரசவம், கன்றின் கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறதாம். பறந்தாள். ஓடைக்கரையை நெருங்கும்போது 'டொக்'... அப்புறம் 'மடார்'! முன்பக்க ஷாக் அறுந்து தொங்கியது.

இறங்கினாள். கொஞ்சம் முன்னால், உயர்த்தாத தன் ஜீப் ஓடையைத் தாண்ட மாட்டாமல் நிற்க, தொப்பலாக நனைந்தபடி... அவன்!

"என்னாச்சுங்க?"

வீம்பு பார்க்கிற நேரமா இது? மேலே ஒரு வாயில்லா ஜீவன் துடித்துக்கொண்டிருக்கிறதே... "பசு பிரசவத்துல தவிக்குது. நான் போகலேன்னா தாயும் போயிடும், கன்னும் போயிடும். எனக்கு... உங்க ஷாக் வேணும். தருவீங்களா?"

அவன் உடனே தன் ஜீப்பின் பின்கதவைத் திறந்தான். உள்ளே அந்தப் பெட்டி, கட்டுக்கூடப் பிரிக்காமல் இருந்தது.

"மாட்டவே இல்லையா?"

"பழைய ஸ்பிரிங்குல இதை மாட்டினா, அமுங்கும்போது தட்டி உடைஞ்சிடும். உங்களுக்காவது உதவட்டும்னு குடுக்கத்தான் அன்னைக்கு வந்தேன்... பேச விட்டாத்தானே!"

அவளுக்கு அழுகை முட்டியது. அதற்குள் அவன் சேற்றில் மல்லாந்து ஜீப்புக்கு அடியில் போயிருந்தான். அவள் ஸ்பானரை எடுத்துக் கொடுக்க, முன்பக்கம் இரண்டையும் மாற்றினான். அவள் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார, ஜீப் ஓடையில் இறங்கி ஏறியது. முன்னால் 'டொக்' இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள்.

பண்ணையில் அவள் மடங்கிய காலை நேராக்க, அவன் கயிற்றைப் பிடித்து இழுத்தான். கன்று வந்து விழுந்தது... மூச்சு விட்டது! தாய் அதை நக்கத் தொடங்கியதும்தான் இவளுக்கு உயிரே வந்தது.

கொட்டகைக் கூரையில் மழை சடசடத்தது. கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "மழைக்காலம் முடியிற வரைக்கும் எப்படி வேலைக்குப் போவீங்க? உங்க வண்டிதான் ஓடை தாண்டாதே?"

"நடக்க வேண்டியதுதான்."

"என் ஜீப்புல வாங்க. தினமும்."

"எங்கே வந்து நிக்கிறது? உங்க வாசல்ல நிக்கக் கூடாதே!"

அவள் நிமிர்ந்து, நேராக அந்தக் கண்களைப் பார்த்தாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கடையில திரும்பிப் பார்த்தீங்களே... அப்பவே. அது தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் அவ்வளவு சண்டை."

நெட்டையனுக்குக் காது வரைக்கும் சிவந்தது. "இதைச் சொல்லத்தாங்க நான் தினமும் ஒத்திகை பார்த்துக்கிட்டிருந்தேன்... இதுலயும் முந்திக்கிட்டீங்களே!"

"சரி, சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. வாசல்ல நிக்க வேண்டாம்... உள்ளேயே வாங்க. யார் அந்தப் பையன்னு அப்பா அன்னைக்குக் கேட்டார். பொய் சொல்லிட்டேன். இன்னைக்கு நிஜத்தைச் சொல்லணும்."