துணிக் கத்தரியும் புரோக்கோலியும்

துருவி என்பது அவளுக்கு அம்மா வைத்த செல்லப்பெயர். எதைக் கண்டாலும் துருவித் துருவிக் கேட்பாள். "எறும்புக்குத் தும்மல் வருமா?" என்பாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வாசலில் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்.

அம்மா இப்போது இல்லை. அம்மா விதைத்த இரண்டு புரோக்கோலிச் செடிகள் மட்டும் மூன்றாம் மாடி பால்கனியில் இருந்தன, பழைய பெயின்ட் வாளிகளில்.

"இது ஒரு வேடிக்கையான பூ, துருவி. பூக்குறதுக்கு முன்னாடியே சாப்பிட்டுடணுமாம்" என்று விதை போட்ட அன்று அம்மா சொன்னாள்.

"நீ சாப்பிட்டிருக்கியாம்மா?"

"இல்ல. எப்படித்தான் இருக்கும்னு பாக்கத்தானே போடறேன்!"

செடி வளர்ந்தது. நடுவில் குண்டூசித் தலைகளை நெருக்கி அடுக்கியதுபோல மொட்டுகள் திரண்ட ஒரு பச்சைப் பூ எழுந்தது. முதலில் எலுமிச்சை அளவு, பிறகு அப்பாவின் உள்ளங்கை அளவு.

அப்பா தையற்காரர். முன்னறையில் நாள் முழுதும் அவருடைய பெரிய கத்தரி 'சரக் சரக்' என்று பேசும். அந்தக் கத்தரி துணிக்கு மட்டும்தான். அதில் யாராவது காகிதத்தை வெட்டினால் வீடு இரண்டாகிவிடும்!

"அப்பா, புரோக்கோலியை வெட்டலாமா?"

"இன்னும் கொஞ்சம் வளரட்டும்மா."

சில நாள் கழித்துக் கேட்டாள். "அப்புறம் பாக்கலாம்" என்றார். இன்னொரு நாள் கேட்டபோது, வாயில் ஊசி இருப்பதாகச் சைகை காட்டினார். வாயில் ஊசியே இல்லை.

ஒரு காலையில் துருவி பச்சை மொட்டுகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் புள்ளியைப் பார்த்தாள்.

"அப்பா, ஓடி வாங்க! பூக்க ஆரம்பிச்சிருச்சு! இனிமே விட்டா சாப்பிட முடியாது!"

அப்பா வந்து வாளி அருகே உட்கார்ந்தார்.

"உங்கம்மா கையால வச்சதுடா துருவி. துணியோ செடியோ, ஒரு தடவை வெட்டினா வெட்டினதுதான். அப்புறம் இங்க என்ன இருக்கும்?"

அப்பா எழுந்து உள்ளே போனார். சரி, மூலையில் இருக்கும் இன்னொரு செடியையாவது பார்ப்போம் என்று திரும்பினாள். அந்தச் செடியை மறைத்தபடி தம்பி கைகளை விரித்து நின்றான். அவனை எல்லோரும் உருண்டை என்று கூப்பிடுவார்கள்.

"அங்க போகாதக்கா!"

"ஏன்?"

"அங்க… பூச்சி இருக்கு."

துருவியிடம் பூச்சி என்று சொல்வது பூனையிடம் மீனைக் காட்டுவதுபோல.

"என்ன பூச்சி? எத்தனை காலு?" என்று அவனைத் தாண்டிப் போனாள்.

அந்தச் செடியின் கழுத்தில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. முட்டியில் அடிபட்டால் ஒட்டுவோமே, அதேதான். அதற்கு மேலே பூ வாடிக் கறுத்துத் தொங்கியது.

"என் பந்து பட்டு ஒடிஞ்சுடுச்சுக்கா. ஒட்டினா ஆறிடும்னு நினைச்சேன். என் முட்டி ஆறுச்சுல்ல?" உருண்டையின் உதடு பிதுங்கியது.

"செடியும் உன் முட்டியும் ஒண்ணாடா?" துருவிக்குச் சிரிப்பு வந்தது. பிளாஸ்திரியை உரித்தாள். வாடிய பூ கையோடு வந்தது.

பிறகுதான் அதைப் பார்த்தாள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடங்களில் சட்டைப் பொத்தான் அளவில் குட்டிக் குட்டிப் பச்சைப் பூக்கள்! ஓடிப்போய் முதல் செடியைப் பார்த்தாள். அதில் ஒன்றுகூட இல்லை.

ஒடிந்த செடியில் இருக்கிறது. ஒடியாத செடியில் இல்லை. ஏன்?

இடுப்பில் கைவைத்து யோசித்தாள். "அட!" என்று கத்திக்கொண்டே முன்னறைக்கு ஓடி, அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"இது துணி இல்லப்பா! தலை போனா பக்கத்துல முளைக்குது பாருங்க. நீங்க ஒட்டுப்போட்டுத் தைக்கக்கூட வேண்டாம்!"

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். புதுத் துணியைத் தொட்டுப் பார்ப்பதுபோல ஒவ்வொரு குட்டிப் பூவையும் விரலால் தொட்டுப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார்.

தையல் இயந்திரச் சத்தம் கேட்கும் என்று துருவி நினைத்தாள். கேட்கவில்லை. அப்பா திரும்பி வந்தார். கையில் பெரிய கத்தரி.

உருண்டை அலறினான். "அப்பா, அது துணிக் கத்தரி!"

"தெரியும்டா" என்றார் அப்பா. "எங்க வெட்டணும், துருவி?"

"பூவுக்குக் கீழ, இலைக்கு மேல. சாய்வா வெட்டுங்க, தண்ணி தங்காது."

சரக்.

பூவை உப்புத் தண்ணீரில் போட்டார்கள். சற்று நேரத்தில் ஒரு பச்சைப் புழு நெளிந்து வெளியே வந்தது.

"பூச்சி இருக்குன்னு நான்தான் அப்பவே சொன்னேனே!" என்றான் உருண்டை, நெஞ்சை நிமிர்த்தி.

அப்பா தண்டின் தோலைச் சீவி, எல்லாவற்றையும் பூண்டும் மிளகும் போட்டு வதக்கினார். மூவரும் ஆளுக்கொரு துண்டை எடுத்து வாயில் போட்டார்கள்.

"குட்டி மரத்தைத் தின்ன மாதிரி இருக்கு" என்றான் உருண்டை. ஆனால் அடுத்த துண்டுக்கும் அவன் கைதான் முதலில் நீண்டது.

"அம்மாவுக்குப் பிடிச்சிருக்குமாப்பா?"

அப்பா மென்றபடி யோசித்தார். "உப்பு கம்மின்னு சொல்லியிருப்பா."

மூவரும் சிரித்தார்கள். பிறகு அப்பா இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டார்.

சில வாரங்கள் போயின. ஒருநாள் காலையில் துருவி கண்ணைக் கசக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். அப்பா அவளுக்கு முன்பே வந்து, வெட்டிய செடியின் முன் கண்ணாடியோடு குனிந்திருந்தார்.

"துருவி, இங்க வாயேன். இந்த இலைகிட்ட முளைச்சிருக்கு, அந்த இலைகிட்ட இன்னும் முளைக்கல. அது ஏன்?"