காலுறைக்கு அப்பால்

மார்னி பெட்டிக்குள் கையை விட்டாள். கொஞ்ச நேரம் துழாவினாள். பிறகு, "முடி," என்றாள்.

கொரீன் முடி எதையும் வைக்கவில்லை. செத்தவனின் குடலுக்காக வேகவைத்து ஆறிய நூடுல்ஸ், கண்களுக்காகத் தோலுரித்த திராட்சை, அவ்வளவுதான். பூட்ஸ் வந்த அட்டைப்பெட்டிக்குக் காலையில் பிள்ளைகள் இருவரும் மூக்கிலும் முழங்காலிலும் ஈஷிக்கொண்டு கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். பக்கத்தில் வெட்டிய ஓட்டைக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி பழைய காலுறை ஒன்றின் அடியை வெட்டிவிட்டு ஸ்டேப்ளர் அடித்துப் பொருத்தியிருந்தாள் கொரீன். பேய்வேடம் போடும் ஹாலோவீன் நாளில் ஓஹையோவின் அந்தச் சிற்றூரில் பாதி வீடுகளில் நடக்கிற, பார்க்காமல் தொட்டுப் பார்த்து மிரளும் விளையாட்டு.

"அது நூடுல்ஸ்டா செல்லம்."

"போன வருஷமும் அதானேம்மா வெச்சே, எனக்குத் தெரியாதா? இது காஞ்சிருக்கு. சிக்கு விழுந்திருக்கு."

கொரீன் மூடியைத் திறந்தாள். இரண்டு கிண்ணங்கள். வேறொன்றும் இல்லை. திரும்ப மூடினாள்.

கணவன் ட்வைட்டின் வேலைதான். சென்ற ஆண்டு முகமூடியோடு நிலவறையில் ஒளிந்திருந்து, நான்கு வயதுகூட ஆகாத மகன் ஓட்டிஸை நனைந்த கால்சட்டையோடு அலறவிட்டவன் அவன்.

பின்வாசலில், மழைச்சாரலுக்கு ஒதுங்கி உட்கார்ந்து, அவன் பூசணிக்காயைக் குடைந்துகொண்டிருந்தான்.

"பெட்டியில என்ன வெச்சே?"

"எந்தப் பெட்டியில? இதக் குடையவே ரெண்டு கை பத்தல எனக்கு."

"சத்தியமா?"

"அம்மாடி, போன வருஷத்துக்கு இன்னும் எத்தன நாள் திட்டுவே?"

சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை. ஆனால் முழங்கைவரை அவனுக்கு ஆரஞ்சு நிறச் சதை அப்பியிருந்தது. பெட்டியிலோ ஒரு கறைகூட இல்லை.

சமையலறைக்குத் திரும்பியபோது ஓட்டிஸ் நாற்காலியின் மேல் நின்றிருந்தான். தோள்வரை கை பெட்டிக்குள்.

பெட்டியின் அகலம் ஒரு சாண்தான்.

"எண்ணுதும்மா," என்றான் ஓட்டிஸ்.

"எது?"

"என் விரல. ஒவ்வொண்ணா தொட்டு. முடிஞ்சதும் திரும்ப மொதல்லேந்து."

அவனை வெளியே இழுத்தாள். கை முழுதாகத்தான் இருந்தது. சுண்டுவிரலில் மட்டும் நீளமான நரைமுடி ஒன்று நாலைந்து சுற்று சுற்றியிருந்தது. இந்த வீட்டில் யாருக்கும் நரை இல்லை.

பெட்டியைத் தூக்கினாள். அடியில் மேசை, கெட்டி மரம். குனிந்து பார்த்தாள். நாற்காலிக் கால்கள், காலையில் சிந்திய சோளப்பொரி. நிமிர்ந்தபோது மார்னி உதடுகளை இறுக்கிக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையையா?

"நீதானே?"

"இல்லம்மா."

"உண்மையச் சொல்லு."

"நீயே கைய விட்டுப் பாரு."

ஏழு வயதுப் பெண் மிரட்டி நான் மிரளுவதா என்று கொரீன் காலுறைக்குள் கையை நுழைத்தாள். ஜன்னலில் மழை சடசடத்தது. நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையின் புழுங்கல் வாடை பெட்டிக்குள்ளிருந்து எழுந்து அவள் முகத்தில் மோதியது. கிண்ணம் இருக்க வேண்டிய இடம் வந்தது. கிண்ணம் இல்லை. இன்னும் உள்ளே. மணிக்கட்டு. முழங்கை. அட்டையின் மறுபக்கம் தட்டவே இல்லை.

காற்று. குளிர்.

பிறகு, கட்டைவிரலில், ஒரு விரல்நுனி.

ஆள்காட்டி விரல்.

நடுவிரல்.

இடது கையால் மூடியைப் பிய்த்தெறிந்தாள்.

நூடுல்ஸ். திராட்சை. ஓட்டையிலிருந்து உள்பக்கம் தொங்கும் காலுறை. அது காலியாக இருந்தது.

அவள் கை பெட்டிக்குள் இல்லை.

"என்னம்மா இருக்கு?" என்றான் ஓட்டிஸ்.

எங்கோ இருந்த அந்தக் கையின் ஐந்து விரல்களையும் ஏதோ ஒன்று பொத்திப் பிடித்தது. மெதுவாக. குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல.

கொரீன் இழுத்தாள்.

அதுவும் இழுத்தது. காலுறையின் விளிம்பு அவள் தோளைத் தொட்டது.