ஸ்ட்ராபெரி வாசம் அடித்த கார்

செல்வாவின் கார் ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஆனால் அந்த வீட்டில் அதற்கு இருந்த மரியாதை, வாசலில் நின்ற அப்பாவின் நிஜக் காருக்கு இல்லை.

அப்பாவின் கார் மழையில் நனையலாம். அதன் மேல் பூனை படுத்துத் தூங்கலாம். செல்வாவின் காரைப் பார்க்க வேண்டுமென்றால் கையைக் கழுவி, துடைத்து, பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அது ஒரு பிளாஸ்டிக் மாதிரி. ஐம்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் உறுமிக்கொண்டு ஓடிய காரை அப்படியே சின்னதாக்கியது. பதினாறு வயது செல்வா அதை நூறு துண்டுகளாகப் பெட்டியில் வாங்கி வந்து, நான்கு மாதமாக ஒட்டிக்கொண்டிருந்தான்.

"இதுக்குப் பேரு மஸல் கார்," என்றான் செல்வா.

"மஸல் எங்கண்ணா இருக்கு?" என்று கேட்டான் கவின். அவன் சின்னம்மா மகன். ஆறு வயது. பள்ளி விடுமுறைக்குப் பாலோவிலிருந்து, ரெங்கத்தில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்திருந்தான்.

"பானெட்டுக்குள்ள. பெரிய எஞ்சின்."

கவின் கையை மடக்கித் தன் புஜத்தைத் தடவிப் பார்த்தான். "எனக்குள்ளயும் எஞ்சின் இருக்குண்ணா."

"உனக்குள்ள காலைல குடிச்ச மைலோதான் இருக்கு," என்றாள் லோஷினி.

லோஷினி செல்வாவின் தங்கை. வயது பதினொன்று. போன வருடம்வரை அண்ணன் அவளோடு பூப்பந்து ஆடினான். இப்போது பள்ளி விட்டு வந்தால் கார்தான். சக்கரங்களை மட்டும் ஒருமுறை பிடிக்கக் கொடுத்தான். ஒரே ஒருநாளாவது அவன் 'என் கார்' என்று சொல்லாமல் 'நம்ம கார்' என்று சொல்ல மாட்டானா என்று அவளுக்கு இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் மாதிரிக் கார்களின் கண்காட்சி. செல்வா பெயர் கொடுத்திருந்தான். அப்பா எல்லாரையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். கவின் தினமும் விரல்விட்டு நாள் எண்ணினான். அவன் விரலில் ஞாயிறு மட்டும் சீக்கிரமே வந்துவிடும்.

காருக்கு அடியில் சாம்பல் நிறப் பூச்சு. அதன் மேல் மெல்லிய நீலம், ஐந்து தடவை. அதற்கும் மேல் கண்ணாடி போன்ற வார்னிஷ். அதையும் நான்கு நாளாகத் தண்ணீர் தொட்டு மணல்தாளால் தேய்த்திருந்தான். அதனால் கார் இப்போது, மூச்சு விட்ட கண்ணாடி போல மங்கிக் கிடந்தது.

"இது கடைசி வேலை," என்றான். "பாலிஷ் போட்டாதான் மினுங்கும். டியூப் தீந்துபோச்சு. என் கூட்டாளி அர்ச்சுனன் சனிக்கிழம காலைல கொண்டாறேன்னான். முன்ன எல்லாம் பாலிஷ் இல்லன்னா பல்லு வெளக்குற பேஸ்ட்ட போட்டுக்கூட தேய்ப்பாங்களாம்."

அதற்குப் பிறகும் அவன் ஏதோ சொன்னான், முனை என்று. லோஷினி கேட்கவில்லை. அவள் மனம் பேஸ்ட்டிலேயே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செல்வா டியூஷனுக்குப் போனான். அம்மா தொழிற்சாலையில். கவின் தொலைக்காட்சி முன்னால் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

லோஷினி குளியலறைக்குப் போனாள். அம்மாவின் பேஸ்ட் காரமானது, நறநறவென்று இருக்கும். கவினுடையது சின்னப் பிள்ளைகளுக்கானது, மென்மையாக இருக்கும் என்று நினைத்தாள். அந்த ஸ்ட்ராபெரி பேஸ்ட்டைப் பழைய பனியன் துணியில் பிதுக்கிக்கொண்டாள். கையைக் கழுவினாள், துடைத்தாள்.

அண்ணனின் அறைக்குப் போய்க் காரின் கூரையைத் தேய்த்தாள். பத்து நிமிடத்தில் அதில் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் வந்து பார்க்கும்போது முகம் எப்படி இருக்கும்!

பிறகு பானெட். நடுவில் நன்றாக மினுங்கியது. முனை ஓரத்தில் மட்டும் ஒரு கோடு மங்கலாக இருந்தது. அங்கே கொஞ்சம் அழுத்தினாள். சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது. அழுக்கு என்று நினைத்தாள். இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அழுக்கு போகவில்லை, நீண்டது. துணியைத் திருப்பிப் பார்த்தாள்.

துணி முழுக்க நீலம்.

அவள் தேய்த்து எடுத்தது அழுக்கை அல்ல. ஐந்து தடவை அடித்த நீலத்தை.

காரைப் பெட்டியில் வைத்து மூடினாள். துணியைத் தன் பள்ளிப் பைக்கு அடியில் திணித்தாள். கவின் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் செல்வா பெட்டியைத் திறந்தான். பானெட்டின் முனையில் விரலை வைத்தான். பிறகு குனிந்து மோந்து பார்த்தான். காரின் கதவு இடுக்கில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு காய்ந்திருந்தது.

"ஸ்ட்ராபெரி," என்றான். "கவின்! இங்க வா!"

கவின் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"கார எதுக்குடா தொட்ட?"

"நான் இல்லண்ணா."

"இது உன் பேஸ்ட்டா இல்லயா?"

"என் பேஸ்ட்தான். ஆனா நான் இல்ல."

"நேத்து சோப்பு எப்படி இருக்கும்னு கடிச்சுப் பாத்தவன்தானே நீ," என்றார் அம்மா. "உண்மைய சொல்லுய்யா, அடிக்கமாட்டோம்."

"நான் இல்ல பெரியம்மா."

"பொய் வேற," என்றான் செல்வா. பெட்டியை மூடினான். "ஞாயித்துக்கிழம நீ வரவேணாம்."

கவின் அழுதான். லோஷினி அந்த நேரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறந்தாள். சோறு உள்ளே போனது. சொல் வெளியே வரவில்லை. அம்மா கைப்பேசியை எடுத்துச் சின்னம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்னொரு கவளம் உருட்டினாள்.

சனிக்கிழமை காலையில் குளியலறையில் கவின் பல் துலக்கிக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அழவில்லை. அம்மாவின் காரமான பேஸ்ட்டைப் போட்டிருந்தான்.

"அது எரியுமேடா. உன்னுது எங்க?"

"அது வேணாம்க்கா. இந்த வாசனன்னா யாரும் என்னைய சொல்லமாட்டாங்க."

லோஷினி ஸ்ட்ராபெரி டியூபை எடுத்து, திரும்ப அதன் இடத்திலேயே வைத்தாள்.

கவின் வாயைக் கொப்பளித்துவிட்டு யோசித்தான். "அக்கா, தூக்கத்துல நடக்குறவங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. ஏன்?"

"அப்ப நான்தான் தூக்கத்துல எந்திரிச்சுப் போயி தேச்சிருப்பேன். எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா எல்லாரும் சொல்றாங்கல்ல."

முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகச் செல்வாவின் அறைக்குப் போனான். லோஷினி பின்னாலேயே ஓடினாள்.

அர்ச்சுனன் கொடுத்துவிட்டுப் போன பாலிஷ் டியூப் மேசைமேல் இருந்தது. செல்வா அதைத் திறக்காமல் காரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கவின் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அண்ணா, சாரிண்ணா. நான்தான் தூக்கத்துல..."

"அவன் இல்ல!" என்றாள் லோஷினி. "நான்தான். நான் முழிச்சுக்கிட்டேதான் செஞ்சேன்."

அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. செல்வா திரும்பினான்.

"நீயா?"

"நீ வரும்போது மினுங்கணும்னு தேச்சேன். அழுக்குன்னு நெனச்சு..."

"முனையில பெயிண்ட் மெலிசா இருக்கும், அங்க தொடக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"பாதிதான் கேட்டேன்."

"சரி, நேத்து ஏன் சொல்லல?"

லோஷினி தனக்குள் ஒரு பதிலைத் தேடிப் பார்த்தாள். பயம் ஒன்றுதான் இருந்தது. அதைப் பதில் என்று கொடுக்க வெட்கமாக இருந்தது.

"கார் கெடக்கட்டும்," என்றான் செல்வா மெதுவாக. "இவன அழவச்சிட்டேன்லா."

"அப்ப நான் தூக்கத்துல நடக்கலயா?" என்று கேட்டான் கவின். அவன் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்கூடத் தெரிந்தது.

"இல்லடா. சாரிடா கவின்." செல்வா அவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். தங்கையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

லோஷினி அடுப்படிக்குப் போனாள். அம்மாவிடம் சொன்னாள். அப்பாவிடம் சொன்னாள். பிறகு சின்னம்மாவை அழைக்க அம்மாவின் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள்.

"நான் சொல்லிக்கிறேன், கொடு," என்றார் அம்மா.

"இல்லம்மா. நானே சொல்றேன்."

அழைப்பு மணி நான்கு முறை அடித்தது. ஒவ்வொரு மணிக்கும் அவளுக்குக் கைப்பேசியைக் கீழே வைத்துவிடலாம் போலிருந்தது.

"சின்னம்மா, லோஷினி பேசுறேன். கவின் கார தொடல. நான்தான் தொட்டேன். அவன் நேத்து உண்மையதான் சொன்னான்."

"பிள்ளைகிட்ட கொடும்மா," என்றார் சின்னம்மா. கவின் கைப்பேசியை வாங்கி, "அம்மா, நான் இல்ல தெரியுமா?" என்று வீடே அதிரக் கத்தினான்.

ஞாயிறு காலை எல்லாரும் பசியாறிவிட்டுக் கிளம்பினார்கள்.

"நான் வரல," என்றாள் லோஷினி.

"காருல இடம் இருக்கு," என்றார் அப்பா.

"இருக்குப்பா. ஆனா வரல."

அப்பா வற்புறுத்தவில்லை. அம்மா அவளோடு வீட்டில் இருந்தார். கார் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டபோது, பள்ளிப் பையிலிருந்து அந்தத் துணியை எடுத்தாள். துவைத்தாள். ஸ்ட்ராபெரி வாசம் போனது. நீலம் போகவில்லை.

சாயங்காலம் கவின்தான் முதலில் ஓடி வந்தான். சட்டையெல்லாம் ஐஸ்கிரீம்.

"பரிசு கெடைக்கலக்கா! ஒரு சீன அங்கிள் நம்ம கார கிட்ட வந்து பாத்தாரு. கூரையப் பாத்து சிரிச்சாரு. முனையப் பாத்து 'அலமாக்'னு, ஐயோங்குற மாதிரி தலையில கைய வச்சாரு!"

செல்வா பின்னால் பெட்டியோடு வந்தான். மேசைமேல் வைத்தான்.

"பெயிண்ட் முழுக்க எடுத்துட்டு மறுபடி அடிக்கணும்," என்றான். "எடுக்கறது உன் வேல."

"முனையிலயும் நானா?"

"இந்தத் தடவ முனையிலயும் நீதான். கடைசியா பாலிஷ் போடும்போது முனை எனக்கு." அறைக்குள் போனவன் திரும்பினான். "இன்னும் கோவமாதான் இருக்கேன்."

"தெரியும்ணா."

"அந்தக் கூரை," என்றான். "கூரைய நல்லாதான் தேச்சிருந்த."

லோஷினிக்கு அதைக் கேட்டபோதுதான் அழுகை வந்தது.

மறுநாள் காலையில் கவின் மறுபடியும் காரமான பேஸ்ட்டைத்தான் எடுத்தான். லோஷினி அதை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தாள். ஸ்ட்ராபெரி டியூபைத் திறந்து அவன் பிரஷில் பிதுக்கினாள்.

அவன் வாயில் வைக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான்.

லோஷினி தன் பிரஷிலும் அதையே பிதுக்கித் தேய்க்கத் தொடங்கினாள். மிட்டாயை மென்றது போல இருந்தது. வாசலில் நிழல் தெரிந்தது. செல்வா. தூக்கக் கலக்கத்தோடு தன் பிரஷையும் நீட்டினான்.

மூன்று பேரும் கண்ணாடி முன்னால் நின்று பல் துலக்கினார்கள்.

"இனிமே இந்த வாசன வந்தா," என்றான் கவின், வாய் நிறைய நுரையோடு, "மூணு பேரையும் நிக்கவச்சுத்தான் கேக்கணும்!"