தாய்க் கடிகாரம்

மகளின் வயிறு சுவர்க் கடிகாரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நல்லதம்பி அதைக் கவனித்தது தற்செயலாகத்தான். மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பிறந்து சில நாளே ஆன பிள்ளையை மடியில் கிடத்தி, அதன் வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தான். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பிகளில் நீர் முத்துமுத்தாய்க் கோத்து நின்றது. டெட்டால் வாடையும், பால் வாடையும், வராந்தாக் கொடியில் இரண்டு நாளாகியும் காயாத துணிகளின் புழுங்கல் வாடையும் கலந்து வார்டு முழுக்கக் கனத்துக் கிடந்தன. தலைக்கு மேலே கடிகாரம் டக் என்றது. கைக்குக் கீழே வயிறு எழும்பியது, அடங்கியது. டக். எழும்பியது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "ஏட்டி வடிவு, இங்கன பாரு. உம்மவ மணி பாத்து மூச்சு விடுதா."

வடிவம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. "பொறந்ததுலேருந்து அந்தச் சத்தத்தத்தான கேக்கா. பழகிருக்கும். சும்மா தொட்டுக்கிட்டே இருக்காதீங்க, முழிச்சிரும்."

அந்தச் சத்தத்தை அங்கே கொண்டுவந்தவனே அவன்தான். தென்காசியில் மோட்டாரும் ரேடியோவும் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். மேலகரத்தைத் தாண்டிக் குற்றாலம் போகும் சாலையில் இருந்த அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா ஒருநாள் அவனைக் கூப்பிட்டனுப்பினாள். பிரசவ அறைக் கடிகாரம் ஒரு நேரம் காட்ட, வராந்தாக் கடிகாரம் இன்னொரு நேரம் காட்ட, ஒரு பிள்ளைக்கு நட்சத்திரமே மாறிப்போய் ஜாதகம் எழுதுவதில் சம்பந்திகள் வராந்தாவிலேயே அடித்துக்கொண்டார்களாம். இனி ஆஸ்பத்திரி முழுக்க ஒரே நேரம்தான் ஓட வேண்டும் என்றாள். கொல்லத்தில் மூடிப்போன ஏதோ கம்பெனியின் ஏலத்தில் எடுத்த சாமான்கள் மரப்பெட்டியில் வந்து இறங்கியிருந்தன.

ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஊசல் தொங்கும் பெரிய கடிகாரம் ஒன்று. அதை ஆபீஸ் அறையில் நிறுத்தினான். ஊசல் ஒருமுறை போய்த் திரும்பும்போதெல்லாம் பாட்டரியிலிருந்து ஒரு துடிப்பு ஒயர் வழியாக ஓடும். பிரசவ அறையிலும் வார்டிலும் வராந்தாவிலும் மாட்டிய சின்னக் கடிகாரங்களின் முள் அந்தத் துடிப்புக்கு ஒன்றாக நகரும். அவற்றுக்குள் தானாக ஓடும் எந்திரம் கிடையாது. துடிப்பு வந்தால் நகரும், வராவிட்டால் நிற்கும். கரண்டு போனாலும் பாட்டரி இருப்பதால் பயமில்லை. ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் ஒலியை வைத்துப் பெரியதை ஒருமுறை சரிசெய்தால் போதும், மற்றவை தாமாகவே பின்தொடரும். ஆயாக்கள் பெரியதைத் தாய்க் கடிகாரம் என்றும் சின்னவற்றைப் பிள்ளைகள் என்றும் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு மாதமாக நொடி பிசகவில்லை. நல்லதம்பிக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான். தாய் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளருகே துணிச்சுற்றுக்குள் கிடந்த பிள்ளையின் நெஞ்சு உயர்ந்தது. டக். தாழ்ந்தது. அதற்கடுத்த கட்டில். அதுவும் அப்படியே. ஜன்னலோரத் தொட்டிலில் கிடந்தது, கதவோரத்தில் பாட்டி ஒருத்தியின் தோளில் கிடந்தது, எல்லாம் ஒரே நேரத்தில் உயர்ந்து ஒரே நேரத்தில் தாழ்ந்தன. காற்றில் வயல் சாய்ந்து நிமிர்வதுபோல.

கதவோரப் பிள்ளை முழித்துக்கொண்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும் நல்லதம்பியின் முதுகில் ஏதோ ஊர்ந்தது. பிள்ளைகள் அழுதால் குரல் ஏறும், உடையும், மூச்சுக்குத் திணறும். இது அப்படி இல்லை. ஒரே அளவில் நறுக்கிய துண்டுகளாக வந்தது. டக். வீல். டக். வீல்.

மகளை மனைவியின் பக்கத்தில் கிடத்திவிட்டு வராந்தாவுக்கு வந்தான். நர்ஸ் ஞானபாக்கியம் மருந்துத் தட்டோடு நின்றிருந்தாள். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னாள்.

"பாத்துட்டீயளா அண்ணாச்சி."

"எத்தன நாளா சிஸ்டர்?"

"நீங்க மாட்டிட்டுப் போனதுலேருந்து. அதுக்கப்புறம் பொறந்த எல்லாமே அப்படித்தான். டாக்டரம்மாட்ட சொன்னேன். தூக்கமில்லாம ஒளறுதேன்னு சிரிச்சாவ." தட்டில் ஊசிக் குப்பிகள் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கின. "இன்னிக்கு அவுகளும் இல்ல. புளியங்குடிக்கு ஒரு கேசுக்குப் போயிருக்காவ. போனும் மழையில செத்துக் கெடக்கு."

"சத்தத்துக்குப் பழகிருக்கும்" என்றான் நல்லதம்பி. மனைவி சொன்னதையே திருப்பிச் சொல்கிறோம் என்பது அவனுக்கே தெரிந்தது.

ஆபீஸ் அறைக்குள் போனான். மேகம் மலையிலிருந்து இறங்கி ஜன்னலை அடைத்திருந்ததால் மாலைக்கு முன்பே அறை இருண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பித்தளை ஊசல் மங்கலாக மினுங்கியபடி போய்வந்தது. வார்டிலிருந்து அந்தத் துண்டு துண்டான அழுகை இன்னும் கேட்டது. அவன் பெட்டியின் கதவைத் திறந்து, கொஞ்சம் தயங்கி, ஊசலை இரண்டு விரலால் பிடித்து நிறுத்தினான்.

அழுகை நின்றது.

ஓய்ந்து நிற்கவில்லை. அறுந்து நின்றது. கட்டடம் முழுக்க எந்தச் சத்தமும் இல்லை. ஓடுகளில் சாரல் இறங்கும் ஓசை மட்டும்.

விட்டான். ஊசல் சோம்பலாக அசைந்தது, துடிப்பு போகவில்லை. பதறிப்போய்க் கையால் ஓங்கித் தள்ளினான். ஊசல் பெட்டியின் பக்கவாட்டில் போய் மோதித் திரும்பியது. டக். அழுகை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

வாசலில் ஞானபாக்கியம் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. "இப்ப என்ன பண்ணுனீய?"

அவன் ஊசலைத் தாங்கும் மெல்லிய எஃகுத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மோதிய வேகத்தில் அதன் நடுவே மயிரிழைபோல ஒரு விரிசல். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது லேசாக வாய் திறந்து மூடியது. கிரீச் என்று ஒரு சத்தம், காதைக் கொடுத்தால்தான் கேட்கும்.

ஒரு துண்டுக் கம்பியைச் சுற்றி முறுக்கினால் போதும். சின்ன வேலை. ஆனால் கம்பியைச் சுற்ற ஊசலை நிறுத்தியாக வேண்டும்.

நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தான். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பாட்டரியின் புளிப்பு வாடை மூக்கில் ஏறியது. கரண்டு போயிருந்ததால் ஞானபாக்கியம் மேஜைமேல் அரிக்கேன் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு வார்டுக்குப் போனாள். ஊசலின் நிழல் சுவரில் பெரிதாகப் போய்வந்தது. பிள்ளைகளைக் கடிகாரத்தை விட்டு விலக்கிவிட்டால் என்ன என்று யோசித்தான். வண்டி பிடித்து எல்லோரையும் அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டால். சத்தமே எட்டாத தூரத்துக்கு. அந்த நினைப்பில் அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. செங்கோட்டையில் மரக்கடை வைத்திருக்கும் கிதிர் முகம்மது நனைந்த சட்டையோடு வராந்தாவுக்குள் ஓடிவந்தான். பின்னால் அவன் மனைவி நூர்நிஷா, முந்தானைக்குள் பிள்ளையை மூடிப் பிடித்தபடி வந்தாள். இரண்டு வாரத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியில்தான் அவளுக்குப் பிரசவமாகியிருந்தது.

"டாக்டரம்மா எங்க? பிள்ள நல்லாத்தான் பால் குடிச்சிட்டிருந்துச்சு. திடீர்னு மூச்சு நின்னு நீலம் பூத்துப் போச்சு. தூக்கி உலுக்குனோம். கொஞ்சத்துல தானா வந்துட்டு." முகத்து நீரைக் கையால் வழித்தான். "உடனே காரப் பிடிச்சு வாறோம்."

"எப்ப?" என்றாள் வார்டிலிருந்து வந்த ஞானபாக்கியம்.

"இப்பத்தான், அரை மணி நேரம் இருக்கும்."

அவள் திரும்பி நல்லதம்பியைப் பார்த்தாள். அவன் எழுந்து வந்து நூர்நிஷாவின் முந்தானையை விலக்கினான். ஒரு வாரமாக இந்தக் கடிகாரச் சத்தமே காதில் விழாத பிள்ளை. வராந்தாக் கடிகாரம் டக் என்றது. பிள்ளையின் நெஞ்சு எழும்பியது.

அவனுக்குப் பின்னால், ஆபீஸ் அறையில், ஏதோ முறிந்தது.

சின்னச் சத்தம். பிறகு கண்ணாடி நொறுங்கும் சத்தம்.

ஓடினான். ஊசல் பெட்டியின் அடியில் விழுந்து கிடந்தது. தகட்டின் பாதி மேலே மொட்டையாக நின்றது. வராந்தாக் கடிகாரத்தில் ஓசையில்லை. வார்டில் ஓசையில்லை. நூர்நிஷா மூச்சை இழுத்தாள். பிள்ளையை உலுக்கினாள். வார்டுக்குள்ளிருந்து வடிவம்மாளின் குரல்.

"ஏங்க. பிள்ள. ஏங்க."

கை தானாக வேலை செய்தது. ஒயரைப் பிடுங்கினான். பல்லால் உறையைக் கடித்து உரித்தான். செம்பு முனையைப் பாட்டரியில் தொட்டான்.

டக்.

எடுத்தான். தொட்டான். டக். வார்டில் ஒரு பிள்ளை வீல் என்றது. தொட்டான். இன்னொன்று. தொட்டான். வடிவம்மாள் அழுகிற சத்தம் கேட்டது, பயத்தில் இல்லை, பயம் விட்டதில். அவன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். தொட்டான். எடுத்தான். ஊசல் ஆடிய கணக்கு ஒரு மாதமாகக் காதில் ஊறியிருந்தது.

நேரம் போயிற்று. எவ்வளவு என்று தெரியவில்லை. பார்க்கக் கடிகாரம் இருந்தது. அதை ஓட்டுவதே அவன்தான். வடிவம்மாள் பிள்ளையோடு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவன் தோள்பட்டையில் வலி ஏறியது. மணிக்கட்டு மரத்துப்போனது. ஒருமுறை கை பிந்தியது. மகளின் உதடு கறுத்து மறுபடி சிவந்தது.

"சிஸ்டர், கொஞ்சம் மாத்திப் பிடிங்க. சும்மா தொட்டு எடுக்கதுதான்."

ஞானபாக்கியம் பக்கத்தில் மண்டியிட்டாள். அவன் கையோடு கையை ஆட்டிப் பழகிக்கொண்டாள். ஒயரை வாங்கினாள். தொட்டாள்.

டக். கடிகாரங்கள் எல்லாம் நகர்ந்தன.

மகளின் நெஞ்சு அசையவில்லை.

மறுபடி தொட்டாள். டக். அசையவில்லை. சரியாகத்தான் தொட்டாள். அதே அளவு. அதே இடம். டக். டக்.

"ஏங்க" என்றாள் வடிவம்மாள்.

அவன் பிடுங்கினான். தொட்டான். நெஞ்சு எழும்பியது.

ஞானபாக்கியம் தன் கையைப் பார்த்துக்கொண்டே பின்வாங்கிச் சுவரோரம் போய் நின்றாள். அவளுடைய உதடு ஜெபத்தை முணுமுணுத்தது.

ஜன்னலுக்கு வெளியே விளக்குகள் தெரிந்தன. தென்காசிப் பக்கமிருந்து ஒரு வாடகைக் கார். குற்றாலத்துப் பக்கமிருந்து குதிரை வண்டி. அதற்குப் பின்னால் ஒரு டிராக்டர். நடந்து வருகிறவர்கள், சாக்கைத் தலையில் போட்டவர்கள், குடை பிடித்தவர்கள். எல்லோரும் இந்த ஒரு மாதத்தில் இங்கே பிள்ளை பெற்றுப் போனவர்கள். சாரலுக்குள் ஒருவர் பின் ஒருவராக வாசலுக்குள் நுழைந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் துணியில் சுற்றிய ஒன்று. யாரும் ஓடவில்லை. யாரும் சத்தம் போடவில்லை. வராந்தாவில் தொங்கிய அரிக்கேன் விளக்கின் கீழே வந்து நின்று, ஜன்னல் வழியாக அவன் கையையே பார்த்தார்கள்.

தொட்டான். டக். வரிசை முழுவதும் துணிச்சுற்றுகள் ஒன்றாக உயர்ந்தன.

எடுத்தான். ஒன்றாகத் தாழ்ந்தன.

அவன் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. வெளியே, விளக்கின் கீழே, எல்லாத் துணிகளும் நடுங்க ஆரம்பித்தன.