தணிகுரல்

காலையில் பல் தேய்க்கும் முன்பே என் மார்பொட்டி பேச ஆரம்பித்துவிடும். "துடிப்பு வேறுபாடு நாற்பத்தெட்டு. நன்றாக முன்னேறுகிறீர்கள்." ஹார்ட் அட்டாக் வந்து பிழைத்த எல்லோர் நெஞ்சிலும் சட்டப்படி இந்த ஒட்டு இருக்கிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி கொஞ்சம் கூடிக் குறைந்தால் இதயம் தேறுகிறதாம்; கடிகாரம் மாதிரி ஒரே சீராக அடித்தால் ஆபத்தாம். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள் நான், இதெல்லாம் எனக்கு நன்றாகவே புரியும். எனக்குப் புரியாதது ஒன்றுதான்: ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் ஒருவர்கூட என்னிடம் முகம் சுளித்துப் பேசவில்லை.

பல் தேய்த்ததும் மணப்பாட்டில் இருக்கும் தங்கை எஸ்கலினைக் கூப்பிடுவேன். மீன் குழம்புக்கு மாங்காயா, வெறும் புளியா என்று எங்களுக்குள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வழக்கு. அவள் மாங்காய்க்காரி. கொஞ்ச நாளாக அவள் எதற்கும் எதிர்த்துப் பேசுவதில்லை. நோயாளி என்று இரக்கப்படுகிறாளாக்கும் என்று எனக்கு எரிச்சல். இன்று வேண்டுமென்றே சீண்டினேன்.

"ஏட்டி, உன் மாங்காய்க் குழம்பை மனுசன் திம்பானா?"

"நீ சொன்னா சரிதான்க்கா. இனி புளியே ஊத்துறேன்."

அவள் குரல்தான், அவள் சிரிப்புதான். ஆனால் எஸ்கலினா இப்படிச் சொல்வாள்? போனை மேசையில் போட்டுவிட்டு மகனைக் கூப்பிட்டேன்.

"பிரைட்டன்! எஸ்கலினுக்கு என்னாச்சுலே?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மொதல்ல உக்காரும்மா."

"உக்கார மாட்டேன். சொல்லு."

"சித்தி போன மாசமே போயிட்டாங்கம்மா. நிமோனியா."

"அப்ப தெனமும் என்கிட்ட பேசுனது யாருலே?"

"தணிகுரல்மா. வேறுபாடு அம்பதைத் தாண்டுற வரைக்கும் அதிர்ச்சிச் செய்தி எதுவும் உன் காதுக்கு வரக் கூடாதுன்னு சட்டம். சொன்னா எனக்கு ஜெயிலு. சித்தி படுத்த அன்னைக்கே ஆஸ்பத்திரிக்காரங்க உன் போனை மாத்திவிட்டு, சித்தி குரல்ல மெஷினைப் பேச வச்சுட்டாங்க."

"அவ என்னைக் கேட்டாளா?"

அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான்.

"கேக்கேன்லா?"

"கடைசிவரை கேட்டாங்கம்மா. அக்கா ஏன் வரல, இன்னும் கோவமான்னு."

நாசமாய்ப் போகிறவர்கள்! எவன் கொடுத்தான் இவர்களுக்கு இந்த உரிமையை? அக்கா சண்டைக்காரி, அந்தக் கோபத்தில்தான் எட்டிப்பார்க்கவில்லை என்று நினைத்தபடியே என் தங்கை கண்ணை மூடியிருக்கிறாள். அந்த நேரத்தில் நான் இங்கே உட்கார்ந்து ஓட்ஸ் கஞ்சி குடித்து அந்த வேறுபாட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கூடிக் குறைந்தால்தான் இதயத்துக்கு நல்லது என்று சொன்னவர்களே, அது எதற்கும் கூடாமல் குறையாமல் இருக்க என்னென்ன வேலை பார்த்திருக்கிறார்கள்!

மார்பொட்டி கத்த ஆரம்பித்தது. "வேறுபாடு குறைகிறது. அமைதியாக இருங்கள்." அதன் ஓரத்தில் நகத்தை நுழைத்தேன்.

"கழட்டாதம்மா, உயிருக்கே ஆபத்து!"

"கையை எடுலே! அவளுக்காக அழ வேண்டியதும் இந்த நெஞ்சுதான்."

பிய்த்து எறிந்தேன். ஒட்டோடு தோலும் கொஞ்சம் உரிந்து வந்தது. மேசையில் கிடந்த போனை நான் அணைக்கவில்லை போலிருக்கிறது.

"கோவப்படாதேக்கா," என்றது எஸ்கலின் குரல். "கோவம் உடம்புக்கு ஆகாது."

போனை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டேன்.

"ஏட்டி, என்னை ஒரே ஒரு தடவ திட்டுட்டி."

"சரிக்கா," என்றது.